மூக்கு, உதடு, புருவம்: முகத்தில் துளையிட்டுக்கொள்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காது குத்துவதற்கு நம் வீடுகளில் தாய்மாமன் மடியும் சீர்வரிசையும் உண்டு. மூக்குக் குத்துவதோ பெரும்பாலும் நகைக்கடைக்குப் போன இடத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் காரியம்; புருவமும் உதடும் குத்திக்கொள்கிறவர்கள் வீட்டுக்குச் சொல்லிவிட்டுச் செய்வது அரிது. இந்த அவசரத்தில் ஒன்று மறந்துபோகிறது. குத்தி முடித்த கணத்தில் நம் முகத்தில் இருப்பது அணிகலன் பூண்ட ஒரு திறந்த புண். அது ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். கீழே உள்ள விடைகள் அந்த மாதங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

மூக்குக் குத்துவதும் புருவம், உதடு குத்துவதும் ஒன்றுதானா? எது எவ்வளவு நாளில் ஆறும்?

ஊசி எந்தத் திசுவைத் துளைக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். காதுமடலின் கீழ்ச்சதை மென்மையானது, இரத்த ஓட்டம் நிறைந்தது; ஆகவே 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். மூக்கின் பக்கச் சுவரில், குத்தும் இடத்தைப் பொறுத்து, குருத்தெலும்போ கெட்டியான நார்த்திசுவோ இருக்கும். குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய்கள் கிடையாது. தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. அதனால்தான் மூக்குத் துளை முழுமையாக ஆறுவதற்கு 4 முதல் 6 மாதங்களும், சிலருக்கு ஓராண்டும் ஆகின்றன. வெளியே பார்ப்பதற்கு ஒரே மாதத்தில் ஆறிவிட்டதுபோல் தோன்றும். துளையின் இரு வாய்களும் முதலில் ஆறி, நடுப்பகுதி கடைசியில் ஆறுவதால் ஏற்படும் ஏமாற்றம் அது.

புல்லாக்கு அணியும் இடமான மூக்கின் நடுச்சுவரில், குருத்தெலும்புக்குக் கீழே, மூக்கு நுனிக்குச் சற்றுப் பின்னால், மெல்லிய சவ்வுபோன்ற பகுதி ஒன்று உண்டு. இரு விரல்களால் பிடித்துப் பார்த்தால் கெட்டியான பகுதி முடிந்து அது தொடங்கும் இடம் தெரியும். அனுபவமுள்ளவர் அங்கேதான் குத்துவார். அப்படிக் குத்தினால் 2 அல்லது 3 மாதங்களில் ஆறிவிடும். குருத்தெலும்பிலேயே குத்தி, உள்ளே இரத்தம் கட்டிக்கொண்டால், அந்தக் குருத்தெலும்பு அழிந்து மூக்குத் தண்டு உள்வாங்கிவிடவும் கூடும்.

உதட்டுக்கும் புருவத்துக்கும் பொதுவாக 2, 3 மாதங்கள் போதும். புருவத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அங்கே தோலைக் கிள்ளிப் பிடித்து மேலோட்டமாகத்தான் குத்த முடியும் என்பதால், உடல் அந்தக் கம்பியை மெல்ல மெல்ல வெளியே தள்ளப் பார்க்கும். கம்பியின் மேலுள்ள தோல் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தால், அது அறுத்துக்கொண்டு வெளியேறும்வரை காத்திராமல் கழற்றிவிடுவதே தழும்பைக் குறைக்கும். புருவத்தின் உட்பாதியில், கண்குழியின் மேல்விளிம்பை ஒட்டி, நெற்றிக்குச் செல்லும் நரம்பு ஒன்று வெளிவருகிறது. ஆகவே எப்போதும் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில்தான் குத்த வேண்டும்.

கன்னக்குழி விழுவதற்காகக் கன்னத்தில் குத்திக்கொள்ளலாமா என்று கேட்போருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். உமிழ்நீரை வாய்க்குள் கொண்டுவரும் முக்கியமான குழாய் கன்னத்தின் ஊடாகவே செல்கிறது; அது அறுபட்டால் கன்னத்தின் வழியே உமிழ்நீர் கசியும்.

நகைக்கடை ஆசாரி, ‘கன் ஷாட்’, ஊசியால் குத்தும் ஸ்டூடியோ: இவற்றில் எது பாதுகாப்பானது?

முதலில் ‘கன் ஷாட்’ பற்றிச் சொல்லிவிடலாம், ஏனெனில் மூக்குக்கு அது கூடவே கூடாது. ஊசி கூர்மையானது; திசுவை வெட்டிக்கொண்டு செல்லும். துப்பாக்கி போன்ற அந்தக் கருவியோ, நுனி மழுங்கிய தோட்டின் தண்டை விசையால் அடித்து உள்ளே செலுத்துகிறது. மென்மையான காதுச் சதை இதைத் தாங்கிக்கொள்ளும். குருத்தெலும்பு நசுங்கும், சில நேரம் கீறல்விடும். அதோடு, அந்தக் கருவியின் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால், கிருமி நீக்கத்துக்குரிய ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும். ஒவ்வொருவருக்குப் பின்னும் ஸ்பிரிட்டால் துடைப்பது மட்டுமே நடக்கிறது.

கிருமிநாசினி தெளித்துவிட்டால் போதாதா என்று நினைப்பவர்கள், 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு சிறு நகைக் கடையில் காதின் மேற்பகுதிக் குருத்தெலும்பில் குத்திக்கொண்டவர்களுக்கு சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் தொற்று பரவியது. ஏழு பேருக்கு அது உறுதிசெய்யப்பட்டது. சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது, காதின் வடிவமும் குலைந்தது. தேடிப் பார்த்தபோது அந்தக் கிருமி, தோட்டின்மீது தெளிப்பதற்காக வைத்திருந்த கிருமிநாசினிக் குப்பிக்குள்ளேயே இருந்தது.

ஆசாரிகளின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பலர், எந்த இடத்தில் குத்தினால் மூக்குத்தி முகத்துக்குப் பொருந்தும் என்பதைப் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். பழைய முறையில், நகையின் கூரான தங்கக் கம்பியையே செலுத்திவிடுவதால் விசையின் அதிர்ச்சியும் இல்லை. குறை சுத்தத்தில்தான் இருக்கிறது. தீயில் காட்டுவதும் ஸ்பிரிட்டில் நனைப்பதும் கிருமிகளைக் குறைக்கும், முழுமையாக அழிக்காது. பட்டறையில் நகை ஊதிய அதே கையுடன், கையுறை இல்லாமல் குத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆசாரியிடமே குத்திக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் சொன்னால், மருந்துக்கடையில் கையுறையும், உறை பிரிக்காத புதிய ஊசியும் வாங்கிச் சென்று, அவற்றையே பயன்படுத்துமாறு கேட்பதில் தவறில்லை. நல்ல ஆசாரி இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

என்னைக் கேட்டால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உள்துளையுள்ள ஊசியால் குத்தும் தேர்ந்த ஒருவரிடமோ, இதைச் செய்யும் தோல் மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ செல்வதே நல்லது.

ஒரு இடத்துக்குப் போனதும் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

குத்துபவர் கை கழுவி, உங்கள் கண்ணெதிரில் புதிய கையுறை அணிகிறாரா என்று பாருங்கள். இடையில் கைப்பேசியை எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையுடன் திரும்பினால் எழுந்து வந்துவிடலாம். ஊசி மூடிய உறையிலிருந்து உங்கள் முன்னால்தான் பிரிக்கப்பட வேண்டும், பயன்படுத்திய பின் கூர்ப்பொருள்களுக்கான கெட்டியான பெட்டிக்குள் போட வேண்டும். அணியப்போகும் நகையும் கிருமி நீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது உயர் அழுத்த நீராவியில், 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடங்கள், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடங்கள் என்ற கணக்கில் கிருமிகளை அழிப்பது. கண்ணாடிக் கதவு போட்டு உள்ளே நீல விளக்கு எரியும் புற ஊதாக் கதிர்ப் பெட்டியை ‘ஸ்டெரிலைசர்’ என்று காட்டுவார்கள்; அழகு நிலையங்களில் அதுதான் பெரும்பாலும் இருக்கும். கிருமி நீக்கம் செய்த பொருள்களை வைத்திருக்க அது உதவலாமே தவிர, ஆட்டோகிளேவுக்கு ஈடாகாது.

இரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது ஏழு நாள்கள் உயிர்ப்புடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். இந்தியாவில் இதற்கான தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான திட்டத்தில் சேர்க்கப்பட்டது 2011-இல்தான் என்பதால், இன்று இருபது வயதைக் கடந்த பலர் அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. மூன்று தவணை ஊசி. இரண்டாவது ஒரு மாதம் கழித்தும் மூன்றாவது ஆறாம் மாதத்திலும் போடப்படும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டுகள் கடந்திருந்தால் அதையும் முன்னதாகப் போட்டுக்கொள்வது நல்லது.

யார் மருத்துவரைக் கேட்காமல் குத்திக்கொள்ளக் கூடாது?

சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டவர்கள், பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ளவர்கள், செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள் ஆகியோர் முதலில் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். புண்ணிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பாக்டீரியா அந்த வால்வுகளில் படிந்து உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கலாம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரைகள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் சிகிச்சை ஆகியவையும் இதே வரிசையில் வருகின்றன. முகப்பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் தோல் வறண்டு மெலிந்திருக்கும். அந்தச் சிகிச்சை முடியும்வரை காத்திருக்கலாம். கர்ப்பிணிகளும் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குத்தப்போகும் இடத்திலேயே பருவோ கட்டியோ இருந்தால், அது ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

தங்கத்தில்தான் முதல் மூக்குத்தி போட வேண்டும் என்கிறார்களே, சரியா?

பாதி சரி. தங்கம் உடலோடு வினைபுரியாது என்பது உண்மை. ஆனால் நகைக்கடையில் நாம் வாங்கும் 22 காரட்டில் 91.6 சதவீதம்தான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களின் கலப்பு. அதைவிட முக்கியமானது, அது மென்மையானது என்பது. எளிதில் கீறல் விழும். அந்த நுண்ணிய கீறல்கள் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணை உரசிக்கொண்டே இருக்கும். 1994-இல் தொடங்கப்பட்டு, இத்தொழிலின் தரங்களை வகுத்துவரும் அமெரிக்காவின் தொழில்முறைத் துளையிடுவோர் சங்கம், புதிய துளைக்கு 14 முதல் 18 காரட் வரையிலான, நிக்கல் கலவாத தங்கத்தைத்தான் பரிந்துரைக்கிறது. வெள்ளைத் தங்கம் என்றால் அதில் நிக்கல் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எளிய வழி, அறுவை சிகிச்சையில் எலும்புக்குப் பொருத்தும் தரத்திலான டைட்டானியம். ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று அதன் தர எண்ணைக் குறிப்பிடுவார்கள். எடை குறைவு, நிக்கல் ஒவ்வாமைக்கு இடமில்லை. பாட்டி மனம் வருந்துவார் என்றால், ஆறிய பின் அவர் கொடுத்த வைர மூக்குத்தியை ஆண்டாண்டுக் காலம் அணியலாமே.

கவரிங் நகையை ஆறாத துளையில் போடவே கூடாது. மேற்பூச்சு தேய்ந்ததும் உள்ளிருக்கும் பித்தளையும் நிக்கலும் நேரடியாகப் புண்ணில் படும். கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அது நிக்கல் ஒவ்வாமையாகவே இருக்கக்கூடும். மூக்கிலும் அதுவே நடக்கும். நிக்கல் எவ்வளவு சிறிய அளவிலும் தொல்லை தரும் என்பதால்தான், துளையில் செருகும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே வைத்திருக்கிறது. வெள்ளியும் புதிய புண்ணுக்கு ஆகாது. கறுத்து, தோலில் நிலையான கறையை விட்டுவிடும்.

முதலில் வளையம் போடலாமா, திருகு வைத்ததா?

முதல் நகை நேரான தண்டுடன், வீக்கத்துக்கு இடம்விட்டுச் சற்று நீளமாக இருக்க வேண்டும். வளையம் ஒவ்வொரு அசைவிலும் துளைக்குள் சுழலும், ஆறுவது தள்ளிப்போகும். நம் மூக்குத்திகளில் தண்டு குட்டையாக இருப்பதாலும், விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் திருகாணியை இறுக்கிவிடுவதாலும், இரண்டாம் நாள் வீங்கும்போது கல்லோ திருகாணியோ சதைக்குள் புதைந்துவிடுவதுண்டு. அப்படிப் புதைந்தால் வீட்டில் குண்டூசியால் நெம்பாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீக்கம் வடிந்து, 4 முதல் 8 வாரங்கள் ஆன பின், குத்தியவரிடமே போய்க் குட்டையான தண்டை மாற்றிக்கொள்ளலாம். நீண்ட தண்டை அப்படியே விட்டால் அது ஆடி ஆடித் துளையைச் சாய்த்துவிடும்.

திருகாணியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளர்ந்த திருகாணி மூக்கின் உட்புறத்தில் கழன்று விழுந்தால், பெரும்பாலும் வயிற்றுக்குள் போய்த் தானாக வெளியேறிவிடும். ஆனால் தூக்கத்தில் அது மூச்சோடு உள்ளிழுக்கப்பட்டு நுரையீரல் குழாயில் சிக்கிக்கொள்வதும் உண்டு. குழாய்க் கருவியை உள்ளே செலுத்தி அதை எடுத்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. திருகாணி காணாமல் போன பின் விடாத இருமல் வந்தால், மருத்துவரிடம் இருமலைச் சொல்லும்போது திருகாணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். படுக்கப் போகும் முன், கழுவிய கையால் அது உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது போதுமான முன்னெச்சரிக்கை.

மிகவும் வலிக்குமா?

ஓரிரு நொடிகள். மூக்கில் குத்தும்போது கண்ணில் நீர் வருவது அழுகை அல்ல, அனிச்சைச் செயல். மரத்துப்போகும் களிம்பைப் பூசினால் தோல் சற்று வீங்கி, குறித்த இடம் விலகிப்போக வாய்ப்பிருப்பதால் பலர் அதை விரும்புவதில்லை. வெறும் வயிற்றில் போகாதீர்கள். மயங்கி விழுபவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள்.

குத்திய பிறகு தினமும் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே. மருந்துக்கடையில் ‘நார்மல் சலைன்’ என்று கேட்டால் 0.9 சதவீத உப்புக் கரைசல் கிடைக்கும். காலையும் இரவும், சோப்பு போட்டுக் கை கழுவிய பின், சுத்தமான காஸ் துணியை அதில் நனைத்து, துளையின் வெளிப்புறத்தில் சில நிமிடங்கள் ஒற்றி வைத்திருங்கள்; ஊறிய பொருக்கு தானாகப் பிரிந்து வரும். பிறகு உலர்ந்த காஸால் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் தண்டில் சுற்றிக்கொள்ளும். குப்பிக்குள் காஸை முக்காமல், வெளியே ஊற்றி நனைக்க வேண்டும்; திறந்த பெரிய குப்பியை வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளாமல், சிறிய குப்பிகளாக வாங்குவது மேல். சலைன் கிடைக்காத இடத்தில், கொதிக்கவைத்து ஆறிய 250 மில்லி நீரில் கால் தேக்கரண்டி உப்பு போதும். அதிக உப்பு சீக்கிரம் ஆற்றும் என்று எண்ணி அரைத் தேக்கரண்டிக்கு மேல் போடுகிறவர்கள் தோலை வறளவைத்துத் தாங்களே புண்ணைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

இதற்கு மேல் செய்யும் எதுவும் பெரும்பாலும் கெடுதல்தான். நகை ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தினமும் திருப்பிவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். ஒட்டாது. திருப்பும்போது, அன்றுதான் துளைக்குள் படர்ந்த இளம் தோல் கிழிந்து, விரலில் உள்ள அழுக்கும் காய்ந்த பொருக்கும் உள்ளே இழுக்கப்படுகின்றன. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின் கரைசல் ஆகியவை கிருமியைக் கொல்வதோடு, புண்ணை மூடுவதற்காக வளரும் செல்களையும் கொல்லும். பிசுபிசுப்பான களிம்புகள் காற்றுப் புகாமல் அடைத்துவிடும்.

அன்றாடத்தில் சில சிறிய கவனங்கள் தேவைப்படும். பூந்துவாலையால் முகத்தை அழுத்தித் துடைக்கும்போதும், துப்பட்டாவையோ டீ-சர்ட்டையோ தலைவழியாகக் கழற்றும்போதும்தான் நகை சிக்கி இழுபடுகிறது. தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றும்போது அதன் கன்னத்துப் பஞ்சு மூக்கை இழுத்துக்கொண்டு வரும். இரு கைகளாலும் பக்கவாட்டில் விரித்துக் கழற்றிப் பழகுங்கள். பவுடர், ஃபவுண்டேஷன், சன்ஸ்க்ரீன் எதுவும் துளைக்கு அருகில் வேண்டாம். தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு நுரையோ சீயக்காய்த் தண்ணீரோ வழிந்தால் நல்ல நீரால் கழுவிவிடலாம். கிணறு, குளம், ஆறு, நீச்சல் குளம் ஆகியவற்றில் முங்கிக் குளிப்பதை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள். சளி பிடித்தால் மூக்கை அழுத்திச் சிந்தாமல் ஒற்றி எடுங்கள்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பங்குச்சி எல்லாம் காலங்காலமாகச் செய்ததுதானே?

மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் தன்மை உண்டு என்று ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் ஈரக் கரண்டி பட்டுப்பட்டுக் கிடக்கும் மஞ்சள் தூள் கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அல்ல. அது துளைக்குள் துகள்களாகத் தங்கிவிடும். மஞ்சள் நிறம் சீழின் நிறத்தை மறைத்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. எண்ணெயின் வேலை, இறுகிய பழைய துளையில் நகையை வழுக்கிச் செருகுவதற்கு. புதுப் புண்ணுக்கு அது தேவையில்லை. வேப்பங்குச்சியும் ஈர்க்குச்சியும் ஆறிய துளை தூர்ந்துபோகாமல் காக்கும் நல்ல உபாயங்கள், அவ்வளவே. புதிய துளையில் செருகினால் சிலாம்பு உள்ளே முறிந்து தங்கும்.

கத்தரிக்காய், கருவாடு, மீன் சாப்பிடக் கூடாதா?

கரப்பான் பண்டங்கள் என்று ஒதுக்கும் இவை புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. முன்பே அவற்றில் ஏதேனும் உங்களுக்கு ஒவ்வாமல் அரிப்பு வந்திருந்தால் ஒதுக்குங்கள். மற்றவர்கள் புரதம் நிறைந்த உணவாகச் சாப்பிடுவதே புண் ஆற உதவும். மீன் அதில் முதலிடம் பெறும் ஒன்று.

சீழ் வருகிறதா, இயல்பான கசிவா என்று எப்படி அறிவது?

முதல் சில நாள்களில் இலேசான வீக்கம், சிவப்பு, தொட்டால் வலி ஆகியவை இருக்கும். வெளிர்மஞ்சள் நிறத்தில் தண்ணீர்போல் கசிந்து, தண்டைச் சுற்றிப் பொருக்காகக் காய்வது நிணநீர். இது மாதக்கணக்கில் அவ்வப்போது வரலாம், கவலை வேண்டாம். நாள் செல்லச் செல்ல வலி குறைய வேண்டும். நான்காம் ஐந்தாம் நாளில் வலி கூடுவது, சிவப்பு வட்டம் விரிவது, இடம் சூடாக இருப்பது, கெட்டியாகப் பச்சை கலந்த மஞ்சளாகவோ நாற்றத்துடனோ வடிவது ஆகியவை தொற்றின் அடையாளங்கள். அப்போது மருத்துவரிடம் செல்லுங்கள். நகையை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள். துளையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தேங்கிக் கட்டியாகிவிடும். கழற்ற வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.

மூக்கின் மேற்பகுதியிலிருந்து இரு வாயோரங்கள் வரை ஒரு முக்கோணம் வரைந்து பாருங்கள். அந்தப் பகுதியின் சிரைகள் கண்குழி வழியாக மூளையின் அடிப்பகுதியிலுள்ள இரத்தக் குழாய்களோடு தொடர்புடையவை. அங்கே தோன்றும் தொற்று மூளையை நோக்கிப் பரவுவது மிகவும் அரிது, ஆனால் நடக்கக்கூடியது. ஆகவே காய்ச்சல், கடும் தலைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதே காரணத்தால், மூக்குத்தியின் பக்கத்தில் எழும் கொப்புளத்தை நகத்தால் பிதுக்கக் கூடாது.

துளையின் ஓரத்தில் சிறு சதை வளர்ந்திருக்கிறது. இது கீலாய்டா?

மூக்கில் வருபவற்றில் பெரும்பாலானவை கீலாய்டு அல்ல. மிளகளவில், சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும் மேடு பொதுவாக உரசலாலோ உலோக ஒவ்வாமையாலோ வரும் சதை வளர்ச்சி. தண்டின் நீளத்தையும் உலோகத்தையும் சரிசெய்து, தொடுவதை நிறுத்தினால், பல வாரங்களில் வற்றிவிடும். கீலாய்டு மெதுவாக, மாதங்கள் கழித்துத் தோன்றி, துளையின் எல்லையைத் தாண்டிக் கெட்டியாக வளர்ந்துகொண்டே போகும். நம்மைப்போல் கருநிறத் தோல் கொண்டவர்களிடம் இது அதிகம், குடும்பத்திலும் தொடரும். தடுப்பூசித் தழும்போ காதுத் துளையோ அப்படி வளர்ந்த வரலாறு உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால், முகத்தில் குத்துவதைத் தவிர்ப்பதே என் அறிவுரை. வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரக்கூடியது அது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பை வாங்கிப் பூசுவது இரண்டுக்கும் தீர்வல்ல. தோல் மெலிந்து, தொற்று மறைந்து வளரும்.

உதட்டில் குத்தினால் பல் பாதிக்குமா?

பாதிக்கும், அதுவும் வலியில்லாமல். கீழுதட்டு நகையின் உட்புறத் தட்டு பேசும்போதெல்லாம் ஈறில் உரசி, ஆண்டுகள் செல்லச் செல்ல ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியத் தொடங்கும். இறங்கிய ஈறு தானாக மேலேறாது. நகையைப் பல்லால் கடித்து விளையாடும் பழக்கம் பல் விளிம்பை உடைக்கும். தட்டையான முதுகும், வீக்கம் வடிந்ததும் மாற்றிய குட்டைத் தண்டும் இதைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. ஆறும் வரை உணவுக்குப் பின் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள்; மதுச்சத்து உள்ள மவுத்வாஷ், காரம், புகை, வெற்றிலைபாக்கு ஆகியவை வேண்டாம்.

தைப்பூசத்தில் அலகு குத்துகிறார்கள்; ஒன்றும் ஆவதில்லையே?

பழநியிலும் மலேசியாவின் பத்துமலையிலும் அலகு குத்திய சில மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். கன்னமும் நாக்கும் உடலில் மிக விரைவாக ஆறும் இடங்கள். வழுவழுப்பான கூர்வேல் திசுவை விலக்கிக்கொண்டு சென்று, சிறு இரத்தக் குழாய்களை அழுத்தியும் பிடிப்பதால் இரத்தம் அதிகம் வருவதில்லை. மூக்குத்தியோ மாதக்கணக்கில் புண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட முடியாது. ஒருவர் பயன்படுத்திய அலகை மற்றவருக்குக் குத்துவது மட்டும் இரண்டிலும் ஒரே ஆபத்தைத் தரும்.

அறுவை சிகிச்சைக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா?

ஆம். அறுவை அரங்கில் இரத்தக் குழாய்களை அடைக்க மின்சாரம் பயன்படுத்துவார்கள். உலோகம் படும் இடத்தில் சுட்டுவிடக்கூடும். மயக்க மருந்துக் குழாய் செருகும்போது கழன்று தொண்டைக்குள் விழவும் கூடும். முன்கூட்டியே தெரிந்தால் கழற்றி வைத்துவிட்டுச் செல்லுங்கள், ஏனெனில் பத்து ஆண்டு பழகிய திருகாணி அவசரத்தில் அசையாது. துளை புதிதாக இருந்தால் சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும் என்பதால், பிளாஸ்டிக் தண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இரத்த தானம் செய்யலாமா?

இந்தியாவில் குத்திக்கொண்ட நாளிலிருந்து 12 மாதங்கள் கழித்துத்தான் ஏற்பார்கள். நீங்கள் சொல்லாமல் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்பதால், படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

இடப்பக்கமா, வலப்பக்கமா?

தமிழ்நாட்டில் வலப்பக்கமும், வட இந்தியாவில் இடப்பக்கமும் வழக்கம். இருபுறமும் அணியும் குடும்பங்களும் உண்டு. இடப்பக்கம் குத்தினால் பிரசவம் எளிதாகும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீர்களோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் குத்தினால் ஆறுவது சற்று எளிதாக இருக்கும்.